இன்னும் 151 நாவல் பாக்கி!

ராத்திரி ஒன்பது மணி. சாப்பாடு ஆயிற்று. கை கழுவிவிட்டு பீரோவைத் திறக்கிறேன். மரப் பீரோ, கண்ணாடிக் கதவு, ஐந்து தட்டு. ஒவ்வொரு தட்டிலும் முன்னால் ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை. எல்லாம் நாவல்கள். 'அடுத்து எதை எடுக்கலாம்?' என்று நிற்கிறேன். ஒன்றை உருவுகிறேன், பின்னட்டையைப் படிக்கிறேன், திருப்பிச் சொருகுகிறேன். இன்னொன்று. அதுவும் வேண்டாம். 'இது ரொம்ப சோகம்னு சொன்னாங்களே...' 'இது ரொம்பக் குண்டா இருக்கே...' இருபது நிமிஷம் ஓடிவிடுகிறது. கொட்டாவி வருகிறது. கதவைச் சாத்திவிட்டு செல்போனை எடுத்துக்கொண்டு படுத்துவிடுகிறேன்.

ஜவுளிக்கடையில் நாற்பது புடவையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, "அப்புறமா வர்றேங்க" என்று எழுந்து போகிற அம்மணிகளை இனிமேல் நான் கேலி பண்ண மாட்டேன்!

இது எனக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 1977-லிருந்து சென்னையில் புத்தகக் காட்சி நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் இரண்டு கையிலும் பை தொங்க, டெல்லி அப்பளம் சாப்பிட்டபடி வெளியே வருகிற ஆபீஸ் ஆசாமிகளைப் பார்த்திருப்பீர்கள். (நீங்களே அதில் ஒருவராக இருக்கலாம்.) அந்தப் பை அடுத்த காட்சிக்குள் காலியாகிறதா என்பதை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறேன். ஜப்பான்காரர்கள் இதற்கென்றே ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள்: சுண்டோகு. அதாவது, புத்தகங்களை வாங்கி வாங்கி, படிக்காமல் அடுக்கி வைப்பது. பேர் வைக்கிற அளவுக்கு அங்கேயும் கேஸ்கள் இருக்கின்றன என்பதில் ஒரு ஆறுதல்.

நான் இந்த விஷயத்தை சீரியஸாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒரு புயல்.

எங்கள் ஊர் உறுவையாறு. புதுச்சேரியில் வில்லியனூர் கொம்யூன். பக்கத்திலேயே சங்கராபரணி. செஞ்சிப் பக்கமிருந்து வருவதால் செஞ்சி ஆறு என்றும் சொல்வார்கள். வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணலும் நாணலுமாகத் தூங்குகிற ஆறு. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மேலே வீடூர் அணையைத் திறந்துவிட்டார்கள். தூங்கிக்கொண்டிருந்த ஆறு எழுந்து உட்கார்ந்தது.

எங்கள் வீட்டு வாசலுக்கு மூன்று படி. மழைத் தண்ணீர் இரண்டாவது படிக்கு வந்துவிட்டது. கரன்ட் இல்லை. நான் மெழுகுவர்த்தியை ஜன்னல் விளிம்பில் ஒட்டவைத்துவிட்டு, பீரோவிலிருந்து புத்தகங்களை எடுத்துப் பரணில் ஏற்ற ஆரம்பித்தேன்.

"ஏங்க, அரிசி மூட்டை கீழ இருக்குது. கதைப் புக்கை ஏத்தறீங்களே!" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. முதலில் அரிசி ஏறியது.

பிறகு கீழ்த்தட்டில் கை வைத்தேன். தண்ணீர் வந்தால் முதலில் நனைவது கீழ்த்தட்டுதானே? அப்போது ஈஸிசேரிலிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

"கீழ்த்தட்டை வுடுடா. மேல்தட்டை எடு."

"அப்பா, தண்ணி கீழேர்ந்துதான் வரும்."

"கீழ இருக்கிறதெல்லாம் நான் படிச்சது. படிச்சது போனா போவட்டும். படிக்காததை எடு."

அன்றைக்கு வாசல்படியோடு தண்ணீர் நின்றுவிட்டது. ஒரு புத்தகம்கூட நனையவில்லை. ஆனால் அந்த வாக்கியம் என்னை நனைத்துவிட்டது.

ஏன் என்பதற்கு அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பக்கத்துக் கீழூரில் 1954 அக்டோபர் 18-ஆம் தேதி மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர்வதற்கு ஓட்டுப் போட்டார்களே, அந்த வருஷத்தில் பிறந்தவர். யூ.டி.சி.யாக ரிட்டயர் ஆனவர். சிகரெட் இல்லை, சீட்டு இல்லை. மாசம் பிறந்தால் ஒரு நாவல். வாங்கியதும் உள்ளட்டையில் பென்சிலால் தேதி, இடம், விலை எழுதிவிடுவார். அவற்றில் சின்னச் சின்னதாக இருப்பதை அவ்வப்போது படித்தார். குண்டு நாவல்களைத் தொடவில்லை. "இதெல்லாம் அரைகுறையா மேயுற சமாச்சாரம் இல்லடா. ரிட்டயர் ஆயிட்டு நிதானமாக் குந்திப் படிக்கணும்" என்று மேல்தட்டில் வைத்தார். வீட்டில் அதற்கு 'ரிட்டயர்மென்ட் தட்டு' என்றே பேர்.

2014-ல் ரிட்டயர் ஆனார். புதுக் கண்ணாடி போட்டார். கண்ணாடி சரியில்லை என்று மாற்றினார். மறுபடி மாற்றினார். பிறகுதான் தெரிந்தது, கோளாறு கண்ணாடியில் இல்லை, கிளாக்கோமா என்று. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிற நோய். பெரும்பாலும் வலி இருக்காது. ஓரத்திலிருந்து திருடிக்கொண்டு வரும், நாம் நேராகவே பார்த்துக்கொண்டிருப்பதால் தெரியாது. போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். (நாற்பதைத் தாண்டிய வாசகர்கள், முக்கியமாகக் குடும்பத்தில் யாருக்காவது இது இருந்தால், அடுத்த பாராவுக்குப் போகும் முன் ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடவும்.) இப்போது அவருக்கு வெளிச்சம் தெரியும், ஆள் நிழல் தெரியும். எழுத்து தெரியாது.

எங்கள் பி.காம். பாஷையில் இதற்கு 'டெஃபர்டு' என்று பேர். இந்த வருஷக் கணக்கில் காட்டாமல் வரும் வருஷங்களுக்குத் தள்ளிப்போடுவது. தள்ளிப்போட்ட வருஷம் வந்து சேருமா என்று பாடப் புத்தகத்தில் போடவில்லை.

மழை விட்ட பிறகு எல்லாவற்றையும் இறக்கினேன். இறக்கும்போதே ஒரு நோட்டுப் போட்டு ஸ்டாக் எடுத்தேன். மொத்த நாவல்கள் 268. அப்பா படித்தவை 97. நான் படித்தவை 64. இரண்டு பேருமே தொடாதவை 151. அதன் பக்கத்தில் சிவப்பு மையில் சுழித்தேன்.

அன்று ராத்திரி, "அப்பா, நான் படிக்கிறேன், கேக்கறீங்களா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "உனக்கு எதுக்குடா கஷ்டம்" என்றார். பிறகு, "எதைப் படிப்பே?" என்றார்.

எதைப் படிப்பது! அதுதானே பிரச்னை.

கடிகாரம் வைத்துப் பார்த்தேன். சத்தமாகப் படித்தால் எனக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டரை நிமிஷம். ராத்திரி நாற்பது நிமிஷம் படித்தால் 16 பக்கம். கல்யாணம், கருமாதி, தொண்டைக் கட்டு, ஐ.பி.எல். எல்லாம் போக வருஷத்துக்கு 300 ராத்திரி என்று வையுங்கள். 4,800 பக்கம். எங்கள் வீட்டு நாவலுக்குச் சராசரி 320 பக்கம். 151 நாவலுக்கு 48,320 பக்கம். வகுத்தால் பத்து வருஷம்.

அப்பாவுக்கு எழுபத்தொன்று.

இதற்கு மேல் கணக்குப் போடவில்லை. ஆனால் இனிமேல் பீரோ முன்னால் நின்று கொட்டாவி விடுகிற ஒவ்வொரு ராத்திரியும் 16 பக்க நஷ்டம் என்பது தெரிந்துவிட்டது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து 1924-ல் மெட்ராஸ் யூனிவர்சிட்டி நூலகர் ஆனவர், 1931-ல் நூலக இயலுக்கு ஐந்து விதிகளை எழுதினார். உலகம் முழுக்க இன்றைக்கும் அதைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். அதில் நாலாவது, வாசகருடைய நேரத்தை மிச்சப்படுத்து என்பது. பொது நூலகத்துக்குச் சொன்னது எங்கள் வீட்டு பீரோவுக்கும் பொருந்தும் என்று நினைத்துக் களத்தில் இறங்கினேன்.

பி.காம்.காரனுக்குத் தெரிந்த முதல் வழி ஃபிஃபோ. முதலில் வந்த சரக்கு முதலில் போகட்டும் என்பது. மளிகைக் கடையில் பழைய அரிசியை முதலில் தள்ளுவது போல. நாவல் என்ன அழுகிற சரக்கா என்று கேட்கலாம். அழுகும் சார். அந்தக் கால மலிவுப் பதிப்புத் தாளில் மரக்கூழின் லிக்னின் மிச்சம் இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பாகும். கூடவே தாளில் உள்ள அமிலம் நாரை அரித்துக்கொண்டே வரும். ஒரு நாள் பக்கத்தைப் புரட்டினால் அப்பளம் மாதிரி ஒடியும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் தமிழ்ப் புத்தகங்களும் பத்திரிகைகளுமாகச் சுமார் ஒரு லட்சம் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, சென்னையில் நூலகமாக்கி, மைக்ரோ ஃபிலிம் எடுத்தது இந்தப் பயத்தில்தான். எங்கள் வீட்டுக்கு சிகாகோவிலிருந்து யாரும் வரப்போவதில்லை. ஆகவே ஃபிஃபோ.

பென்சில் தேதிப்படி, தொடாதவற்றில் மிகப் பழையது 1978-ல் வாங்கியது. ஜி.நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே', 1974-ல் வந்த நாவல். சின்னதுதான். கந்தன் என்கிற ஆசாமியின் ஒரே ஒரு நாள். அந்த ஆசாமி செய்கிற தொழில் என்ன என்பதை இந்தப் பத்திரிகையை வீட்டில் எல்லாரும் படிப்பார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன். ஹாலில் உட்கார்ந்து உற்சாகமாக ஆரம்பித்தேன். மூன்றாவது பக்கத்தில் என் குரல் தானாக இறங்கியது. அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"என்னாடா கதை அது?" என்றாள் அம்மா.

"அது வந்து... சமுதாயச் சிந்தனைம்மா" என்றேன்.

அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இதை மத்தியானம் அவ தூங்கறப்ப வச்சிக்கலாம்" என்றார். அப்படியே மத்தியானங்களில் முடித்தோம். அபாரமான நாவல். ஆனால் ஃபிஃபோவில் நேரம் காலம் பார்க்க வழியில்லை என்பது முதல் புத்தகத்திலேயே புரிந்துவிட்டது.

அதற்கு நேர் எதிர், லிஃபோ. கடைசியில் வந்தது முதலில். நம்மில் பெரும்பாலோர் தெரியாமலே இதைத்தான் செய்கிறோம். புதுசு வாங்கியதும் அதைப் புரட்டுவோம், பழசு அடியில் போகும். நம் நாட்டுக் கணக்கியல் தரம் இரண்டாம் எண், லிஃபோவை ஒப்புக்கொள்வதில்லை. அதுவே போதும், விட்டுவிட்டேன்.

அப்புறம், பட்டியல்கள். இலக்கிய நண்பர் ஒருவரிடம் தெரியாத்தனமாக, "எதைப் படிக்கலாம்?" என்று கேட்டேன். வாட்ஸ்அப்பில் பதினொரு பட்டியல் வந்தது. நல்ல நாவல்களை அறிமுகப்படுத்துவதைத் தமிழில் ஒரு வேலையாகவே செய்தவர் க.நா.சுப்ரமண்யம். அவர் எழுதிய ஒரு புத்தகத்தின் பேரே 'படித்திருக்கிறீர்களா?' அந்தக் கேள்விக்குறியைப் பார்த்தாலே ஹோம்வொர்க் செய்யாத பையன் மாதிரி ஒரு நடுக்கம் வரும். அவருக்குப் பின்னால் ஜெயமோகன், எஸ்.ராமகிருஷ்ணன் என்று பலரும் பட்டியல் போட்டிருக்கிறார்கள். பட்டியல்களால் ஒரு உபயோகம் உண்டு. 'மோகமுள்', 'ஒரு புளியமரத்தின் கதை', 'புயலிலே ஒரு தோணி' என்று சில பேர்கள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தால், எங்கேயோ விஷயம் இருக்கிறது என்று தெரியும். ஆனால் இது நல்ல புத்தகமா என்று பட்டியல் சொல்லும், இன்றைக்கு ராத்திரி இந்த வீட்டுக்கு நல்லதா என்று சொல்லாது. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ல் வந்த முதல் தமிழ் நாவல் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு மார்க் கேள்வி. படித்தவர்கள் கை தூக்குங்கள் என்றால் நான் உட்பட எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்போம்!

கடைசியில் உருப்படியாக உதவியது அமெரிக்காவில் ஒரு நூலக அம்மாள். நான்சி பேர்ல் என்று பேர். அவர் சொன்ன விதி ரொம்ப சிம்பிள். ஐம்பது பக்கம் படி, பிடிக்கவில்லையா, மூடி வை, குற்ற உணர்ச்சி வேண்டாம். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குச் சலுகை உண்டு. நூறிலிருந்து வயதைக் கழித்தால் வருகிற பக்கம் வரைக்கும் படித்தால் போதும். வயசாக ஆக நேரம் குறைகிறது, பொறுமைக்கும் அளவு வேண்டும் என்கிற கணக்கு.

அப்பாவிடம் சொன்னேன். உடனே கழித்தார். "இருபத்தொம்போது பக்கமா? ரெண்டு நாள் சமாச்சாரம். சரி, எடு."

அந்த விதியில் முதலில் மாட்டியது சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்'. 1981-ல் வந்தபோது வாங்கியது, மேல்தட்டு. எனக்கு உயிரான நாவல். நடித்தே படித்தேன். இருபத்தொன்பதாம் பக்கத்தில் அப்பா கை காட்டினார்.

"நல்லா இல்லையாப்பா?"

"நல்லாதான் இருக்குது. ஆனா இது கண்ணால படிக்கிற புக்குடா. ஒரு வரியைப் படிச்சிட்டு நிறுத்தி, திரும்ப அதே வரிக்குப் போவணும். நீ போயிக்கினே இருக்கிறே."

எனக்கு ரோஷம் வந்தது. பிறகு யோசித்தால், சரிதான். கண்ணுக்கு ஒரு வசதி இருக்கிறது. புரியாவிட்டால் இரண்டு வரி பின்னால் போய்விட்டு வரும், நமக்குத் தெரியாமலே. காது அப்படிப் போகாது, அதற்கு ஒரு வழிப்பாதைதான். ஆகவே நாவல்களில் கண்ணுக்கானவை, காதுக்கானவை என்று இரண்டு ஜாதி உண்டு. இதில் உசத்தி தாழ்த்தி கிடையாது. 'பொன்னியின் செல்வன்' 1950-லிருந்து 1954 வரை வாராவாரம் வந்தபோது வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டதைப் பெரியவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். குட்டிக் குட்டி அத்தியாயம், கடைசியில் ஒரு கொக்கி, நிறையப் பேச்சு. கல்கிக்குத் தெரியும், தன்னைப் படிப்பவர்களில் பாதிப் பேர் கேட்பவர்கள் என்று.

காது என்று முடிவானதும் கி.ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' தானாகக் கைக்கு வந்தது. கி.ரா. இடைசெவல்காரர் என்றாலும் புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு வருகைதரு பேராசிரியராக வந்தவர், அப்படியே இங்கே தங்கிவிட்டார். 2021 மே மாதம் மறையும் வரை புதுச்சேரிவாசி. அந்த நாவலை நான் படித்தேன் என்று சொல்வதே தப்பு. அதுவே திண்ணையில் உட்கார்ந்து பேசியது. நான் வாயை மட்டும் கொடுத்தேன். அம்மா பாத்திரத்தைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். மனைவி கூட டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தாள். (எங்கள் வீட்டில் அது ஒரு வரலாற்றுச் சம்பவம்.)

அடுத்து அசோகமித்திரனின் 'தண்ணீர்'. மெட்ராஸில் குடிதண்ணீர் இல்லாமல் ஒரு தெரு படுகிற பாடு. வெளியே கொல்லையில் வெள்ளத் தண்ணீர் இன்னும் முழுசாக வடியவில்லை, தவளை கத்துகிறது. உள்ளே ஜமுனா ஒரு குடம் தண்ணீருக்கு அலைகிறாள். அப்பா, "பீரோ பூரா தேடி நல்ல நேரம் பார்த்து எடுத்திருக்கிறே போ!" என்றார். ஆனால் பத்து நாளில் முடிந்தபோது, "இன்னொரு தபா அந்தக் கடைசியைப் படி" என்று கேட்ட முதல் நாவல் அதுதான்.

'ஆடியோ புத்தகம் இருக்கிறதே, எதற்கு இந்தத் தொண்டை வலி?' என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. போட்டுக் கொடுத்தேனே! குரல் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கேட்டுவிட்டு செல்போனைத் திருப்பிக் கொடுத்தார். "இது யாருக்கோ படிக்குதுடா" என்றார்.

இதற்குள் ஒரு தப்பு செய்துகொண்டிருந்தேன். எனக்கே தெரியவில்லை. போர்ஹே என்கிற அர்ஜென்டினா எழுத்தாளரைப் பற்றிப் படித்தபோதுதான் உறைத்தது. 1955-ல் அந்த நாட்டுத் தேசிய நூலகத்துக்கு அவரை இயக்குநர் ஆக்கினார்கள். லட்சக்கணக்கான புத்தகங்கள். கிட்டத்தட்ட அதே சமயத்தில் அவருக்குப் படிக்கிற பார்வை போய்விட்டது. பிற்பாடு, புத்தகக் கடையில் வேலை பார்த்த ஒரு பையன் சாயங்காலங்களில் அவர் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினான். ஆல்பர்ட்டோ மாங்குவெல். பின்னாளில் பெரிய எழுத்தாளராகி, அதே நூலகத்துக்கு இயக்குநரும் ஆனார். அந்தச் சாயங்காலங்களில் எதைப் படிப்பது என்று தீர்மானித்தவர் போர்ஹே. பையன் கண் மட்டும்தான்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? என் இஷ்டத்துக்கு எடுத்து, என் இஷ்டத்துக்கு அவரைத் திருத்திக்கொண்டிருந்தேன். காசு போட்டு வாங்கியவர் அவர். நாற்பது வருஷம் காத்திருந்தவர் அவர்.

மறுநாள் ராத்திரி அப்பாவைக் கையைப் பிடித்து பீரோ முன்னால் நிறுத்தினேன். "நீங்களே எடுங்க."

மேல்தட்டில் கையை ஓட்டினார். ஒன்றை எடுத்தார், எடை பார்த்தார், அட்டையின் ஓரத்தைத் தடவினார், முகர்ந்தார். "இது தி.ஜானகிராமன். மோகமுள். இந்த முக்குல எலி கடிச்சிருக்குது பாரு." சரியாக இருந்தது. அறுநூறு பக்கத்துக்கு மேல், நாற்பது ராத்திரி. "இதுக்குத் தனியா மூடு வேணும்" என்று வைத்தார். இன்னொன்றைத் தொட்டு, "இது நீலபத்மநாபன், தலைமுறைகள். அந்தப் பக்கத்துப் பேச்சு உன் வாயில நுழையாது" என்று என்னையும் மட்டம் தட்டினார். எதில் என்ன கதை என்று அவருக்குத் தெரியாது. ஆனால் எந்த வருஷம், எந்தக் கடை, அன்றைக்கு மழையா வெயிலா என்பது வரை ஒவ்வொன்றுக்கும் சொன்னார். அவர் அந்தத் தட்டைப் படிக்கவில்லை என்று ஸ்டாக் நோட்டில் எழுதியிருந்தேன். கொஞ்சம் திருத்த வேண்டும் என்று தோன்றியது.

அன்றைக்குப் புத்தகம் படிக்கவே இல்லை. 16 பக்கம் நஷ்டம். பரவாயில்லை.

கூடவே எனக்குத் தெரிந்த டார்வின் கதையையும் சொன்னேன். பரிணாமக் கொள்கை டார்வின்தான். அவருக்கு வீட்டில் நாவல்களை உரக்கப் படித்துக் காட்டுவார்கள். படிக்க வேண்டியவை, படித்தவை என்று நோட்டுப் போட்டு வைத்த ஆசாமி. சோகமாக முடிகிற நாவலுக்கு எதிராக ஒரு சட்டமே கொண்டுவர வேண்டும் என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அப்பா யோசித்தார். "அவ்ளோ பெரிய விஞ்ஞானி சொன்னா நியாயம் இருக்கும். ஆனா சட்டம் போட்டா தமிழ்ல பாதி புக்கு ஜெயிலுக்குப் போயிடுமே!"

கடைசியாக அவர் தட்டின் கோடியிலிருந்து இரண்டு புத்தகத்தைச் சேர்த்து எடுத்தார். பிரபஞ்சன். 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்'. இரண்டுக்கும் ஆதாரம் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக இருந்த பிள்ளை 1736-லிருந்து 1761 வரை, கப்பல் வந்தது, சண்டை வந்தது, விலைவாசி, வம்பு என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தாரே, அது. 'வானம் வசப்படும்' நாவலுக்கு 1995-ல் சாகித்ய அகாதமி கிடைத்தது. பிரபஞ்சன் புதுச்சேரியிலேயே பிறந்தவர். அப்பா 1996-ல் இரண்டையும் சேர்த்து வாங்கியிருக்கிறார்.

"நம்ம ஊர்க்காரர் எழுதினது, நம்ம ஊர்க் கதை. இதை மொதல்ல படிச்சிருக்கணும். நம்ம ஊருதானே, எங்க ஓடிடப் போவுதுன்னு வுட்டுட்டேன்" என்றார்.

நான் பரிசு வாங்கிய புத்தகத்தை ஆவலாகப் பிரித்தேன். அப்பா பக்கம் புரள்கிற சத்தத்தைக் கேட்டே, "எதை எடுத்தே?" என்றார்.

"வானம் வசப்படும்."

"அது ரெண்டாவதுடா. பரிசு கொடுத்ததை மொதல்ல படிப்பியா, கதை ஆரம்பிச்சதை மொதல்ல படிப்பியா? பி.காம். படிச்சியே, ஓப்பனிங் பாலன்ஸ் இல்லாம எப்பிடிக் கணக்கு எழுதுவே?"

மாற்றி எடுத்தேன். உள்ளே ஒரு பழைய டவுன் பஸ் டிக்கெட் இருந்தது, வில்லியனூர் - பாண்டி, நாலாவது பக்கத்தில். அங்கே வரைக்கும் எப்போதோ பஸ்ஸில் படித்திருக்கிறார். டிக்கெட்டை அவர் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"முதல்லேர்ந்து படிக்கவா?"

"முதல்லேர்ந்துதான். அவசரமா படிக்காதே. நடுவுல வில்லியனூர், அரியாங்குப்பம்னு எங்கியாவது வந்துச்சுன்னா கொஞ்சம் சத்தமாப் படி. நான் தூங்கிட்டிருந்தா எழுப்பு."